கமலாம்பிகையின் இருநூறு மணித்தியாலம்

இரத்தினவேல் சோபாவில் கண்ணயர்ந்ததும், கமலாம்பிகை சமையலறையிலிருந்து ஓசைப்படாமல் வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கணவருடைய விலாப்பக்கமாகக் குந்தியிருப்பார். செக்கன் கம்பி பெரிதாகத் தெரியவேண்டும் என்பதற்காக வாங்கிய ஆண்கள் கடிகாரம் அது. விலா ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ணுவார். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குவது அவருக்குப் பிடிக்காது. அது சோம்பேறிகளின் கணக்கு. எண்ணி முடிந்ததும் எழுந்து போய், பிரிட்ஜில் ஒட்டியிருக்கும் தாளில் திகதியோடு குறித்துவைப்பார்.

"மனிசருக்குப் பதினாறு. மாட்டுக்கு இருபத்தாறிலை தொடங்கும். இவர் இருபதிலை நிக்கிறார்," என்று என்னிடம் ஒருநாள் தாழ்ந்த குரலில் சொன்னார். "ரெண்டுக்கும் நடுவிலை."

ரொறன்ரோவில், வெக்ஸ்போர்ட் பகுதியில் லோரன்ஸ் வீதியோடு நிற்கும் எங்கள் கட்டடத்தின் ஏழாம் மாடியில் அவர்கள் 706, நான் 707. நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவுதான். கமலாம்பிகை பாடமாக்குவதெல்லாம் என் வீட்டிலும் கேட்கும். உடம்பு சாப்பாட்டை எரித்துச் சக்தியாக்குவதைச் சொல்லும் ஒரு வட்டம் உண்டாம். அதன் படிகளை அவர் தேவாரம் பாடுகிற மாதிரி இழுத்து, "சிட்ரேட்... ஐசோசிட்ரேட்..." என்று ஒவ்வோர் அடியையும் இரண்டு தரம் பாடுவார். இரண்டு மாதம் கேட்டபின் நான் சவரம் செய்துகொண்டே மூன்றாம் அடியை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டேன்.

கமலாம்பிகைக்கு வயது முப்பத்தெட்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பட்டம் பெற்றவர். பகலில், நாய் பிஸ்கட்டைப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. பின்னேரம் பல்கலைக்கழகத்தில் வகுப்பு. பட்டம்தான் இருக்கிறதே, பிறகு என்ன வகுப்பு என்று நானும் கேட்டேன். மிருக வைத்தியக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் புதிய மார்க்ஸ் வேண்டுமாம். பதினைந்து வருஷத்துக்கு முந்திய மார்க்ஸை அங்கே பேக்கரியில் மிஞ்சிய நேற்றைய பாணைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்களாம். ஆகவே, பட்டம் பெற்றவர்கள் திரும்பவும் போய் உதிரியாகப் பாடங்கள் எடுத்து விண்ணப்பத்துக்கு வலுச்சேர்க்கும் வழியில் இறங்கினார். உயிர் இரசாயனம், பரம்பரையியல், புள்ளிவிபரவியல் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

வகுப்பில் மற்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பது வயது. இவர் சாப்பாட்டுப் பெட்டியோடும் கோடு போடும் அடிமட்டத்தோடும் போய் முன்வரிசையில் இருப்பார். தலைப்புக்குச் சிவப்பு மை, மிச்சத்துக்கு நீல மை, இடப்பக்கம் ஓர் அங்குலத்துக்கு மார்ஜின். விரிவுரையாளர் 'ஹலோ' என்றால் அதற்கும் திகதி போடுவார். ஒரு சோதனையில் தொண்ணூற்றாறு எடுத்த அன்று, ஆய்வுகூடத்தில் இவர் பக்கத்தில் நிற்கும் சுபாங்கி என்ற பிள்ளை, "அன்ரி, ப்ளீஸ், நெக்ஸ்ட் ரைம் கொஞ்சம் குறைய எடுங்கோ. நீங்க எல்லாற்றை ஆவரேஜையும் மெஸ் பண்றீங்க, சீரியஸ்லி" என்று கெஞ்சினாளாம். "குறைய எடுக்கிறது என்னெண்டு பிள்ளை?" என்று இவர் உண்மையாகவே விளக்கம் கேட்டிருக்கிறார்.

இந்தப் பாடு எதற்கு? அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் உயர்தரப் பரீட்சை எழுதியபோது, பேராதனைக்குப் போய் மிருக வைத்தியம் படிக்க அவருக்கு இரண்டு மார்க் போதவில்லை. மாவட்டத்துக்கு மாவட்டம் மார்க்கைக் கூட்டிக் குறைத்த தரப்படுத்தல் காலம், எங்கள் மாவட்டத்துக்கான வெட்டுப்புள்ளி எட்டாத உயரத்தில் நின்றது. "அந்த ரெண்டு மார்க்கைத்தான் அண்ணை நான் இன்னும் தேடித் திரியிறன்," என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது.

முதல் விண்ணப்பத்தில், மிருகங்களோடு பழகிய அனுபவம் என்ன என்று கேட்டிருந்த இடத்தில் நாய் பிஸ்கட் தொழிற்சாலையை எழுதினார். "நான் நாயை நேரிலை காணேல்லைத்தான். ஆனால் எத்தினை ஆயிரம் நாய்க்குச் சாப்பாடு அனுப்பியிருக்கிறன்!" என்பது அவருடைய நியாயம். கல்லூரி அந்த நியாயத்துக்கு இசையவில்லை. இரண்டாம் விண்ணப்பத்துக்கு மார்க்ஸ் காணாது என்று பதில் வந்தது. அதோடு, பெரிய மிருகங்களோடு இருநூறு மணித்தியாலம் வேலை செய்திருக்க வேண்டும், அதை ஒரு மிருக வைத்தியர் கையெழுத்திட்டு உறுதிப்படுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். ஒருவர் மூன்று முறைதான் விண்ணப்பிக்கலாம். மூன்றாவதற்குக் கடைசி நாள் 1998 பெப்ரவரி இரண்டாம் திகதி, திங்கட்கிழமை. தவறினால் ஆயுளுக்கும் நாய் பிஸ்கட்தான்.

இதற்கிடையில் வேறொரு சிக்கல். அதற்குப் பெயர் தவமணி. இரத்தினவேலின் தமக்கை. நகரத்துக்கு வடக்கே மார்க்கம் என்ற ஊரில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர். தம்பியின் மனைவி மாட்டு டொக்டருக்குப் படிக்கிறாள் என்று நாலு பேரிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "டொக்டருக்குப் படிக்கிறா" என்று மட்டும் சொல்லி வந்தார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் வரவேண்டிய ஒரு சொல்லை விழுங்கினார். எங்கள் சனத்துக்கு அது போதும். கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் கமலாம்பிகையைக் கண்டவுடன் பிரஷர் பார்க்கச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள்.

இவர்களில் விடாக்கண்டர் இராசரத்தினம். ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்றவர். தன் சலரோகத்தின் மூன்று வருஷ இரத்தச் சீனி அளவுகளை ஒரு கொப்பியில் காலை, மாலை என்று பதிந்து, அந்தக் கொப்பியைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார். "எனக்கு மனிசரைப் பற்றித் தெரியாது அங்கிள்," என்று கமலாம்பிகை எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். "உந்தத் தன்னடக்கம்தான் பிள்ளை பெரிய டொக்டருக்கு அழகு," என்று சொல்லி அவர் கொப்பியை விரிப்பார்.

சரி, பெரிய மிருகத்துக்கு எங்கே போவது? மார்க்கத்துக்கும் வடக்கே, இரத்தினவேலின் காரில் நாற்பது நிமிஷத் தூரத்தில் ஒரு பால் பண்ணை இருந்தது. வன்டைக் என்ற கிழவருடையது. ஆள் தேவையில்லை என்றார். அடுத்த சனிக்கிழமையும் கமலாம்பிகை போய் நின்றார். தேவையில்லை என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை ஐஸ்கிரீம் டப்பா நிறைய உளுந்து வடையோடு போய் நின்றார். நாலாவது சனிக்கிழமையிலிருந்து சாணி அள்ள விட்டார். இரத்தினவேல் நாலு மணித்தியாலமும் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருப்பார். அவருக்குக் கோழியும் பயம்.

சனிக்கிழமைக்கு நாலு மணித்தியாலம் என்றால் இருநூறைத் தொட ஐம்பது கிழமை வேண்டும். அவரிடம் இருந்தது நாற்பதுதான். புள்ளிவிபரவியலில் தொண்ணூற்றொன்று எடுத்தவருக்கு இது தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில்தான் மார்க்கத்தில் எங்கள் ஆட்கள் வரிசையாக வீடு வாங்கத் தொடங்கியிருந்தார்கள்.

புதுவீட்டுக் குடிபூரல் என்றால் வீட்டுக்காரருக்கு முன்னால் பசு உள்ளே காலெடுத்து வைக்கவேண்டும். கனடாவில் பசுவுக்கு எங்கே போவது? வெள்ளிப் பசு, பித்தளைப் பசு என்று ஒப்பேற்றி வந்தார்கள். ஒரு வீட்டில் பசுப் படம் போட்ட பால் பெட்டிக்குப் பொட்டு வைத்து உள்ளே கொண்டுபோனதை நானே பார்த்தேன். இந்தக் குறையையும் தன் குறையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் ரொறன்ரோ முழுவதிலும் கமலாம்பிகை ஒருவர்தான்.

வன்டைக்கிடம் மார்த்தா என்றொரு ஜேர்சிப் பசு இருந்தது. அவருடைய பேத்தி கிராமத்துக் கண்காட்சிக்காகக் கயிற்றில் நடத்திப் பழக்கிய பசு. கதவைக் கண்டால் நுழையும், கமராவைக் கண்டால் நிற்கும். அதை ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுகளுக்குக் கூட்டிப்போகலாமா என்று கமலாம்பிகை கேட்டார். எதற்கென்றும் விளக்கினார். வன்டைக் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஏதோ இருப்பதுபோலப் பார்த்துவிட்டு, திரும்பத் தலையில் வைத்துக்கொண்டாராம். சமயக் காரியம் என்றால் தான் குறுக்கே நிற்கமாட்டேன், ஆனால் வடை தவறக்கூடாது என்றாராம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். கமலாம்பிகை முதல் வேலையாகப் பல்லைத்தான் பிடித்துப் பார்த்தார். அது பாடத்தில் இருக்கிறது.

பண்ணைக்கு வந்துபோகும் மிருக வைத்தியர் மக்கின்ரயர்தான் கையெழுத்து வைக்கவேண்டியவர். வரவேற்பறையில் நிற்கும் மாடு கணக்கில் சேருமா என்று முன்கூட்டியே அவரிடம் கேட்டுக்கொண்டார். மனிதர் கனநேரம் யோசித்துவிட்டு, எங்கே நின்றாலும் மாடு மாடுதான் என்று தீர்ப்புச் சொன்னார்.

ஆவணியிலிருந்து தைவரை பதினொரு வீடு. கனடாவில் நல்ல நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். ஐயரும் பஞ்சாங்கத்தை அதற்கு இசைவாகவே பார்ப்பார். பண்ணையில் மார்த்தாவாக, வன்டைக்கின் ட்ரக் இழுத்துவரும் வண்டிலில் ஏறும் பசு மார்க்கத்தில் மகாலட்சுமியாக இறங்கும். கமலாம்பிகையின் கொப்பியில் இப்படிப் பதிவுகள் இருக்கின்றன: "மிருகம்: பசு ஒன்று. இடம்: வரவேற்பறை, பின்னர் சமையலறை. செய்த வேலை: கயிறு பிடித்தல், மூச்சு எண்ணுதல், வால் அவதானித்தல். நேரம்: மூன்று மணி பத்து நிமிஷம்."

வால் அவதானித்தல் என்பது சின்ன வேலை இல்லை. பசு வீட்டுக்குள் சாணி போட்டால் பெரிய அதிர்ஷ்டம். புதுக் கார்பெட்டில் போட்டால் பெரிய நட்டம். "கொஞ்சம் போட்டால் நல்லதுதான் அன்ரி, ஆனால் ரைல்ஸிலை," என்று வீட்டுக்காரர்கள் இவருடைய காதோடு வந்து சொல்வார்கள். வாலின் அடி ஒரு விரல் உயர்ந்தால் எட்டு செக்கன் இருக்கிறது என்பது கமலாம்பிகையின் கண்டுபிடிப்பு. அதற்குள் மார்த்தாவைச் சமையலறைப் பக்கம் திருப்பிவிடுவார். பதினொரு வீட்டில் ஒன்பது வீட்டில் அதிர்ஷ்டம் ரைல்ஸில்தான் விழுந்தது.

ஒரேயொரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. "ஐயர் குடுக்கிற ஒரு வாழைப்பழம். அதுக்கு மேலை ஒருத்தரும் ஒண்டும் குடுக்கப்படாது. சோறும் சர்க்கரையும் மாட்டின்ரை வயித்துக்குள்ளை போய்ப் பொங்கும்," என்று வாசலிலேயே அறிவித்துவிட்டு, பூசை முடியும்வரை கயிற்றை விட்டு ஓர் அடி நகரமாட்டார்.

கடைசியாக, பன்னிரண்டாவதாக வந்தது தவமணியின் குடிபூரல். பெப்ரவரி முதலாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கொப்பியில் நூற்றுத் தொண்ணூற்றேழு மணித்தியாலம் சேர்ந்திருந்தது. இந்த வீட்டில் ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை மூன்று. அதோடு சரி. மத்தியானம் மக்கின்ரயரின் கையெழுத்து. திங்கட்கிழமை இரத்தினவேல் லீவு போட்டுவிட்டு விண்ணப்பத்தை நேரே கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நானும் சொல்லி வைத்தேன்.

தவமணிக்கு மாடும் வேண்டும், மாட்டுக்காரி என்ற பெயரும் வரக்கூடாது. "கயித்தைப் பிடிச்சுக்கொண்டு மாட்டுக்காரி மாதிரி நிக்காதேயும். டொக்டர் மாதிரி நில்லும். மாடு தன்ரை பாட்டிலை வந்த மாதிரி இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டார். அதனால் கமலாம்பிகை காஞ்சிபுரம் சீலையும் முழங்கால்வரைக்கும் பனிச் சப்பாத்துமாக வந்தார். வெளியே குளிர் பூச்சியத்துக்குக் கீழே பதினெட்டு. உள்ளே நூற்றைம்பது பேர். இரட்டைக் கதவு, வளைந்து ஏறும் படிக்கட்டு, படிக்கட்டில்கூடப் பாலாடை நிறக் கார்பெட். மகாலட்சுமி வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தது. ஐயர் கற்பூரம் காட்டினார். ஒரு பழுதும் இல்லை.

பூசை முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது இராசரத்தினம் கொப்பியோடு வந்தார். கமலாம்பிகை கயிற்றைக் காட்டித் தலையாட்டினார். தவமணி பின்னால் வந்து முழங்கையால் இடித்து, "சனம் பாக்குது. ஒருக்கால் போய்க் கேளும்," என்றார். கயிற்றை இரத்தினவேலிடம் கொடுத்துவிட்டுக் கமலாம்பிகை பக்கத்து அறைக்குப் போனார். இரத்தினவேல் கயிற்றைப் படிக்கட்டுக் கம்பத்தில் கட்டிவிட்டு ஏழடி தள்ளி நின்றுகொண்டார்.

முதலில் ஓர் அன்ரி ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்துக் கும்பிட்டார். அவருக்குப் புண்ணியம் கிடைப்பதைப் பக்கத்தில் நின்றவர் பார்த்துக்கொண்டிருப்பாரா? பழம் போயிற்று, வடை போயிற்று, மோதகம் போயிற்று. மார்த்தா வேண்டாம் என்று சொல்லிப் பழகாத மாடு. சர்க்கரைப் பொங்கல் பானையைத் தவமணியே அருகில் நகர்த்தி வைத்தார். நானும் மூன்று வாழைப்பழம் கொடுத்தேன். மறைத்துப் பயனில்லை, வீடியோவில் இருக்கிறது.

பக்கத்து அறையில் 1996 கார்த்திகை மாதத்து அளவுகளை இராசரத்தினம் வாசித்துக்கொண்டிருந்தபோது, கமலாம்பிகை திடீரென்று தலையை நிமிர்த்தினாராம். மாட்டின் மூச்சுச் சத்தம் மாறிவிட்டது. ஓடிவந்து பார்த்தார். மார்த்தாவின் இடது விலா தவில்போல எழும்பியிருந்தது. நாக்கு வெளியே வந்திருந்தது. பின்னங்காலால் தன் வயிற்றையே உதைத்தது.

"ஆர் சாப்பாடு குடுத்தது?"

நூற்றைம்பது பேரும் முகட்டைப் பார்த்தோம். அங்கே ஒரு புதுச் சரவிளக்கு தொங்கியது.

"இப்பிடியே விட்டால் மாடு செத்துப்போம்," என்றார். உரத்துச் சொல்லவில்லை. பிறகு சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். "இஞ்சாருங்கோ, மக்கின்ரயருக்குப் போன் அடியுங்கோ. மச்சாள், சமைக்கிற எண்ணெய், சூடாக்காதது, போத்திலோடை. அண்ணை, அந்த அகப்பையை எடுத்துத் தாங்கோ. அங்கிள், உங்கடை சால்வை!"

இராசரத்தினம் சால்வையைக் கொடுத்தார். கமலாம்பிகை அகப்பைக் காம்பை மார்த்தாவின் வாய்க்குள் குறுக்காக வைத்து, சால்வையால் கொம்புப் பக்கமாகக் கட்டினார். மாடு அதைச் சப்பச் சப்பக் காற்று வெளியே வர வழி பிறக்குமாம். பிறகு தோளைக் கொடுத்துத் தள்ளி, அதன் முன்னங்கால் இரண்டையும் பாலாடை நிறப் படிக்கட்டில் மூன்றாம் படிக்கு ஏற்றினார். கன்னத்தின் பக்கமாக எண்ணெயை மெல்ல மெல்ல ஊற்றினார். இரத்தினவேல் வயரில்லாத போனோடு கதவு மூலையில் நின்று ஒலிபரப்பினார்.

"முன்னங்காலை உயர்த்தட்டாம்!"

"உயர்த்தியாச்செண்டு சொல்லுங்கோ."

"எண்ணெய் பருக்கட்டாம்!"

"பருக்கியாச்சு."

"வாய்க்குள்ளை ஒரு தடி வைக்கட்டாம்!"

"மச்சாளின்ரை அகப்பை நிக்குதெண்டு சொல்லுங்கோ. இனி என்ன செய்யட்டாம்?"

இரத்தினவேல் காதை அழுத்திக் கேட்டார். "பொறுக்கட்டாம்."

பொறுத்தோம். கமலாம்பிகை முட்டியை மடக்கி இடது விலாவை அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய முகத்தை அப்போதுதான் பார்த்தேன். நன்றாகப் பயந்திருந்தார். இரண்டு வருஷப் படிப்பு, பதினொரு வீடு, ஐஸ்கிரீம் டப்பாக்களில் போன வடைகள், எல்லாம் அந்தத் தோலுக்குள்தான் பொங்கிக்கொண்டிருந்தன. அதில் என் மூன்று வாழைப்பழமும் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பதினோராவது நிமிஷம் மார்த்தா ஏப்பம் விட்டது. நான் எத்தனையோ பந்திகளில் இருந்து எழும்பியிருக்கிறேன். அப்படியோர் ஏப்பத்தைக் கேட்டதில்லை. குத்துவிளக்கில் இரண்டு திரி அணைந்தது. சர்க்கரைப் பொங்கலும் வைக்கோலும் கலந்த வாடை மேல்மாடிவரை போயிற்று. இன்னொன்று. பிறகு இன்னொன்று. தவில் மெல்ல இறங்கியது. அடுத்ததாக வாலின் அடி ஒரு விரல் உயர்ந்தது. கமலாம்பிகை கண்டார். ஆனால் இந்தத் தரம் மாட்டைத் திருப்பவில்லை. அப்படியே படிக்கட்டு ஓரமாக நிலத்தில் இருந்துவிட்டார்.

"லட்சுமி கடாட்சம்! லட்சுமி கடாட்சம்!" என்றார் ஐயர். தவமணி கார்பெட்டைப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், கைகூப்பினார்.

மக்கின்ரயர் பனியில் வந்துசேர்ந்தபோது மார்த்தா வெளியே வண்டிலில் அசைபோட்டுக்கொண்டிருந்தது. வன்டைக்கும் பக்கத்தில் நின்றார். மார்த்தாவுக்கு இதுவரை யாரும் இவ்வளவு பெரிய விருந்து வைத்ததில்லை என்று மட்டும் சொன்னார். வைத்தியர் மாட்டைத் தட்டிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார், தனக்கு வேலை ஒன்றும் மிச்சமில்லை என்றார். வடை ஒன்றைக் கடித்துக்கொண்டே கையெழுத்துப் போடக் கொப்பியைக் கேட்டார். கமலாம்பிகை கடைசிப் பதிவை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். அதன் சாரம் இது: "இருபது நிமிஷம் மாட்டைக் கவனிக்கவில்லை. ஒரு மனிதரின் சலரோகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வயிறு உப்பியது என் பிழை. அந்த இருபது நிமிஷம் கழிக்கப்பட்டது. மொத்தம்: நூற்றுத் தொண்ணூற்றொன்பது மணி நாற்பது நிமிஷம்."

"உதை எழுதாமல் விட்டால் ஆருக்குத் தெரியப்போகுது?" என்று இரத்தினவேல் தலையில் கைவைத்தார். "பிறகு பத்து மணிக்கு மேலை அதோடை மல்லுக்கட்டினது நேரமில்லையே?"

"அது என்ரை பிழையைத் திருத்தின நேரம். அதைக் கணக்கிலை போடேலாது." கமலாம்பிகை சீலை நுனியால் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தார். "கூட்டிக் குறைச்ச மார்க்காலைதான் நான் இஞ்சை வந்து நிக்கிறன். அதை நான் செய்யமாட்டன்."

மக்கின்ரயர் பேனாவை மூடினார். இருபது நிமிஷம் குறைந்தால் தன்னாலும் போடமுடியாது என்றார்; பிறகு கடிகாரத்தைப் பார்த்து, தனக்கு அவசரமில்லை, இன்னும் வடை இருக்கிறதா என்று கேட்டார். கமலாம்பிகை வண்டிலுக்குள் ஏறினார். காஞ்சிபுரம் சீலைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, மாட்டின் விலாவில் ஒரு கையும் மற்றக் கையில் கடிகாரமுமாக நின்றார். அந்த இருபது நிமிஷமும் யாரும் பந்திக்கு இருக்கவில்லை. யன்னல் கண்ணாடிகளில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இராசரத்தினம் மட்டும் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சப்பாத்தைத் தேடினார். 1997ஆம் ஆண்டு இன்னும் பாக்கி. தவமணி கதவுக்குக் குறுக்கே போய் நின்றார். "அண்ணை, அவவை விடுங்கோ. அவ மாட்டு டொக்டர். மாட்டுக்குத்தான் படிக்கிறா. உங்கடை சலரோகத்துக்கு வேறை ஆரையும் பாருங்கோ," என்று நூற்றைம்பது பேருக்கும் கேட்கச் சொன்னார். விழுங்கிய சொல் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. அதுவும் ஓர் ஏப்பம்தான்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அதன்பின் கமலாம்பிகை கீழே தபால் பெட்டிப் பக்கம் போவதை விட்டுவிட்டார். "என்னாலை ஏலாது அண்ணை, நீங்களே எடுத்துத் தாங்கோ," என்று பெட்டித் திறப்பை என்னிடம் தந்திருந்தார். வசந்தம் முடிய ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்தக் கல்லூரியின் பெயர் போட்ட உறை வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தேன். சோபாவில் சாய்ந்திருந்த இரத்தினவேல் என்னைக் கண்டார், உறையைக் கண்டார், கண்ணை இறுக மூடிக்கொண்டு நித்திரையாகிவிட்டார்.

கமலாம்பிகை உறையைப் பிரித்து நின்றபடியே வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். மடித்து மேசையில் வைத்தார். பிறகு கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு, கணவருடைய விலாப்பக்கம் போய்க் குந்தினார். ஒரு முழு நிமிஷம் எண்ணினார்.

"முப்பத்தெட்டு," என்றார். "மாடெண்டால் பிழையில்லை. நித்திரை கொள்ளுற மனிசர் இப்பிடி மூச்சு விடமாட்டினம்."

இரத்தினவேல் அசையவில்லை. கண் மட்டும் இமைக்குள் உருண்டது.

"செப்டெம்பரிலை இருந்து நீங்கள்தான் எண்ணிப் பழக வேணும். நாலு வருஷம். நான் அங்கை நிண்டு படிக்க வேணுமாம்," என்று சொல்லிவிட்டு, அவருடைய இடது கையை எடுத்து மடியில் வைத்து, தன் கடிகாரத்தை அந்தக் கையில் கட்டிவிட்டார்.